வாடகைக்கா, விலைக்கா?

கேள்வி: உத்தியோக நிமித்தம் சென்னைக்கு மாற்றலாகி வந்திருக்கிறோம். வாஷிங் மெஷினை வாடகைக்கு எடுப்பதா, விலைக்கே வாங்கிவிடுவதா?

பதில்: எத்தனை காலம் இவ்வூரில் வாசம் செய்யப்போகிறீர்கள் என்பதே பிரதானமான விஷயம். இயந்திரத்தின் விலையை மாத வாடகையால் வகுத்துப் பாருங்கள். அப்படிக் கிடைக்கும் மாதங்கள் கழிவதற்குள் மீண்டும் மாற்றல் நேரக்கூடுமாயின், லாரியில் ஏற்றி இறக்குகையில் உண்டாகும் சேதத்தையும் உத்தேசித்து, வாடகையே உசிதம் என்பது என் அபிப்பிராயம். ஆனால், ஆழ்குழாய்க் கிணற்றின் கடின நீரையே நம்பியிருக்கும் வீடாயின், வெந்நீரில் துவைக்கும் இயந்திரத்தினுள்ளே நீரைச் சூடாக்கும் கம்பியின்மீது சுண்ணாம்பு வெள்ளைவெளேரென்று படிந்து, நாளடைவில் அதைப் பழுதாக்கிவிடுமாதலால், அப்பழுதைச் சரிசெய்யும் செலவு யாருடையது என்பதை எழுத்துமூலம் பெறாமல் முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். நாலைந்து வருஷம் தங்குவது நிச்சயமென்றால், தயக்கமின்றி வாங்கிவிடுங்கள்.