பிரம்புக்கும் கெஞ்சலுக்கும் நடுவே

நாற்பது பிள்ளைகள் ஒன்றுகூடி ஓதும் மத்ரஸாவில் இரைச்சல் எழத்தான் செய்யும். அதை அடக்க நம்மில் பலருக்குத் தெரிந்தவை இரண்டே வழிகள்: ஒன்று பிரம்பு, மற்றது கெஞ்சல். இவ்விரண்டுக்கும் நடுவே மூன்றாவது வழி ஒன்றை அமெரிக்காவைச் சேர்ந்த லீ காண்டர், மார்லீன் காண்டர் தம்பதியர் 1976-ல் நூலாக வெளியிட்டனர்.

ஆசிரியர்களை அவர்கள் மூவகைப்படுத்துகின்றனர். "ஏம்ப்பா இப்படிச் செய்கிறாய்?" என்று கெஞ்சுபவர் ஒருவர். "நீ உருப்படவே மாட்டாய்!" என்று சீறுபவர் இன்னொருவர். உறுதியானவரோ, பிள்ளையின் பெயரைச் சொல்லி, கண்ணைப் பார்த்து, "பேச்சை நிறுத்து, ஸபக்கைப் பார்" என்பார். குரலை உயர்த்தமாட்டார், என்ன செய்ய வேண்டும் என்பதை மட்டும் சொல்வார். விதிகள் நான்கைந்துக்கு மிகாது. மீறினால் முதலில் எச்சரிக்கை, பிறகு சற்று நேரம் தனியே அமர்த்துதல், அதன்பின் பெற்றோருக்குத் தகவல் என்ற வரிசை முன்கூட்டியே பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் அறிவிக்கப்படும். நன்றாக நடந்துகொண்டால் ஜாடியில் ஒரு கோலிக்குண்டு விழும். ஜாடி நிறைந்தால் வகுப்பு முழுவதற்கும் பரிசு.

இதில் குறை இல்லாமல் இல்லை. தவறு செய்த பிள்ளையின் பெயரைக் கரும்பலகையில் எழுதுவது அவமானம் என்று கண்டனம் எழுந்தது. பிற்காலத்தில் காண்டரே அதைக் கைவிட்டார். கோலிக்குண்டும் நமக்கு முழுச் சம்மதமில்லை. பரிசுக்காக ஓதிப் பழகிய பிள்ளை, பரிசு நின்றதும் என்ன செய்யும்? ஆனால், விதியை அமைதியாகச் சொல்லும் முறை நமக்குப் புதிதன்று. தொழுகையில் அறியாமல் பேசிவிட்ட முஆவியா இப்னுல் ஹகம் (ரலி) அவர்களை அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கடிந்துகொள்ளவுமில்லை, அடிக்கவுமில்லை. தொழுகையில் மனிதப் பேச்சு தகாது என்று விளக்கினார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் இது பதிவாகியுள்ளது.

இம்முறை நிலைப்பது உஸ்தாதின் நடுநிலையில்தான். முத்தவல்லியின் மகன் பேசினால் சிரிப்பும், ஏழை வீட்டுப் பிள்ளை பேசினால் தண்டனையும் என்றால் இரண்டே நாளில் பிள்ளைகள் கண்டுகொள்வார்கள். பிறகு எந்த விதியும் செல்லாது.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பிள்ளையைச் சேர்க்கும்போது, "கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரியுங்கள் ஹஜ்ரத்" என்று சொல்லும் பழக்கத்தை விடுங்கள். "இங்கே விதிகள் என்ன? மீறினால் எங்களுக்கு எப்போது சொல்வீர்கள்?" என்று கேளுங்கள். தகவல் வந்த அன்று பிள்ளையை வீட்டில் மறுபடியும் அடிக்காதீர்கள். அடித்தால், அடுத்த முறை உஸ்தாது சொல்லியனுப்பியதைப் பிள்ளை உங்களிடம் சொல்லாது.