சித்திரம் படிக்க விரும்பும் பிள்ளை

ஒரு குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். வயலையும் வீட்டையும் விட்டு இடம்பெயர்ந்தவர்கள். தகப்பன் கூலி வேலை செய்கிறார். மகள் உயர்தரத்தில் சித்திரத்தை ஒரு பாடமாக எடுத்தவள்.

"அப்பா, நான் கொழும்புக்குப் போய்ச் சித்திரம் படிக்கப் போறன்."

"படம் கீறிச் சீவிக்கேலுமோ, பிள்ளை?"

மகளின் ஆசை நியாயமானது. தகப்பனின் கேள்வியும் நியாயமானது. இருவரும் ஒன்றாக இருந்து பின்வருவனவற்றை ஆராய வேண்டும்.

1. எங்கே படிப்பது?

கொழும்பிலுள்ள கட்புல, அரங்கேற்றக் கலைகள் பல்கலைக்கழகம் 2005ஆம் ஆண்டு தனிப் பல்கலைக்கழகமானது. அங்கு கற்பித்தல் பெரும்பாலும் சிங்களத்திலேயே நடைபெறுகிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும், மட்டக்களப்பு கல்லடியிலுள்ள சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்திலும் இத்துறையைத் தமிழில் கற்கலாம். பெரிய நகரம் என்பதற்காக மட்டும் ஓரிடத்தைத் தெரிவு செய்யாதீர்கள். விளங்காத மொழியில் நான்கு வருடம் இருப்பது எளிதல்ல. சிங்களம் நன்கு தெரிந்த பிள்ளைக்கோ கொழும்பின் கண்காட்சிகளும் வேலை வாய்ப்புகளும் உதவும்.

2. செலவு எவ்வளவு?

அரச பல்கலைக்கழகங்களில் படிப்புக்குக் கட்டணம் இல்லை. ஆனால் தங்குமிடம், சாப்பாடு, பஸ் செலவு, வர்ணம், தூரிகை, கடதாசி ஆகியவற்றுக்குப் பணம் வேண்டும். மாதச் செலவை எழுதிக் கூட்டிப் பாருங்கள். மகாபொல புலமைப்பரிசிலுக்கும் ஏனைய உதவிப் பணத்துக்கும் குடும்ப வருமானம் பார்க்கப்படும். ஆகவே வருமானச் சான்றிதழ் பற்றிக் கிராம சேவையாளரிடம் முன்கூட்டியே கேளுங்கள். தனியார் நிறுவனமாயின் முழுக் கட்டணத்தையும், அதன் சான்றிதழ் அரசினால் ஏற்கப்படுகிறதா என்பதையும் விசாரியாமல் பணம் கட்ட வேண்டாம்.

3. இரண்டு விண்ணப்பங்கள்

பலர் தவறவிடுவது இதைத்தான். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கு அனுப்பும் விண்ணப்பம் ஒன்று. செயன்முறை அல்லது உளச்சார்புப் பரீட்சைக்காக அந்தந்தப் பல்கலைக்கழகம் கோரும் விண்ணப்பம் மற்றொன்று. ஒன்றை மட்டும் அனுப்பினால் அந்த வருடம் வீணாகிவிடும். பரீட்சை அறிவித்தல் பத்திரிகைகளில் வரும். முடிவுத் திகதியைச் சுவரில் எழுதி வையுங்கள். வேண்டிய தகைமைகளை அவ்வருடக் கைநூலில் பாருங்கள். பாடசாலை ஆசிரியர் உதவுவார்.

4. பத்திரங்கள்

இடப்பெயர்வில் பத்திரங்கள் தொலைந்திருக்கலாம். அதனால் முயற்சியைக் கைவிட வேண்டாம். பிறப்புச் சான்றிதழின் பிரதியைப் பிரதேச செயலகத்திலும், பரீட்சைப் பெறுபேற்றுச் சான்றிதழைப் பரீட்சைத் திணைக்களத்திலும் பெறலாம். பிள்ளை பல பாடசாலைகளில் படித்திருந்தால் ஒவ்வொன்றிலும் படித்த காலத்துக்குச் சான்று எடுத்து வையுங்கள். எந்த மாவட்டத்தவர் என்ற கேள்வி எழுந்தால் அது உதவும்.

5. பரீட்சைக்கு ஆயத்தம்

நாளுக்கு ஒரு மணித்தியாலம், கண்ணால் பார்த்து வரையப் பழக வேண்டும். மண்வெட்டி, கிணற்று வாளி, அடுப்படியில் இருக்கும் அம்மம்மாவின் கை, எதுவானாலும் சரி. அச்சுப் படங்களைப் பார்த்து வரைவதோடு நின்றுவிடக் கூடாது. வரைந்தவற்றில் திகதி எழுதிச் சேர்த்து வையுங்கள். விலையுயர்ந்த வர்ணம் தேவையில்லை. பென்சிலும் கொப்பியும் தொடங்கப் போதும்.

இனித் தகப்பனின் கேள்விக்கு வருவோம். சித்திர ஆசிரியராக, அச்சகத்தில் அல்லது விளம்பர நிறுவனத்தில் வடிவமைப்பவராக, துணி வடிவமைப்பவராக, நாடக மேடை அமைப்பவராக உழைப்போர் உண்டு. வேலை கிடைக்கும் என்று எவரும் உறுதி கூற முடியாது. வயலிலும் விதைக்கும்போது அறுவடைக்கு உறுதி இல்லை. நிலத்தைப் பார்த்து, விதையைத் தெரிந்து, பருவம் தவறாமல் விதைப்பதே எங்கள் வேலை.

கலந்துரையாட:

• எங்கள் பிள்ளைக்கு எந்த மொழியில் படிப்பது இலகு?

• எங்களிடம் இல்லாத பத்திரம் எது? அதை எடுக்க யார், எப்போது போவது?