தத்துவதெல்லாம் பகையன்று

கடலூர் மாவட்டத்தின் சிதம்பரம், புவனகிரி, காட்டுமன்னார்கோயில் வட்டாரங்களின் சம்பா வயல்களில் கால் வைத்தவுடன் நாலாபுறமும் தெறித்தோடும் பூச்சிகள் அனைத்துக்கும் வெட்டுக்கிளி என்ற ஒரே பெயரும், பயிரைத் தின்று அழிப்பவை என்ற ஒரே குற்றச்சாட்டும் நெடுங்காலமாக வழங்கிவருகின்றன. ஆனால் அந்த ஒரு பெயருக்குள் அடங்கும் உயிர்கள் பல. நேர்ச்சிறகிகள், அதாவது முன்சிறகுகள் உடலின் நீளப்போக்கில் நேராகப் படிந்திருப்பவை, எனப்படும் பூச்சி வரிசையில் உலகெங்கும் ஏறத்தாழ 29,000 இனங்களும் இந்தியாவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இனங்களும் அறியப்பட்டுள்ளன. தலையிலுள்ள உணர்கொம்புகள் குட்டையாகவும் தடித்தும் இருப்பவை இவ்வரிசையின் ஒரு பிரிவு. அக்கொம்புகள் நூல்போல் மெலிந்து, பெரும்பாலும் உடலைவிட நீண்டிருப்பவை மற்றொரு பிரிவு. பயிரைக் கடிக்கும் வெட்டுக்கிளிகளும் பெரும்படையாகப் பறக்கும் பாலைவன வெட்டுக்கிளியும் முதற்பிரிவைச் சேர்ந்தவை. சுவர்க்கோழியும், பச்சை இலையெனத் தோன்றும் நீளக்கொம்பு வெட்டுக்கிளியும், மண்ணுக்குள் வாழ்வதால் கொம்பு குறுகிப்போன பிள்ளைப்பூச்சியும் இரண்டாம் பிரிவைச் சேர்ந்தவை.

வெட்டுக்கிளிகள் கூட்டமாகத் தென்பட்டால் படையெடுப்பு தொடங்கிவிட்டது என்னும் அச்சம் 2020ஆம் ஆண்டு மே மாதத்தில் தமிழகத்திலும் பரவியது. பாலைவன வெட்டுக்கிளிகள் இராஜஸ்தானையும் மத்தியப் பிரதேசத்தையும் கடந்து மகாராஷ்டிரம்வரை வந்திருந்த அந்நாட்களில், கிருஷ்ணகிரி மாவட்டத்தில் எருக்கஞ்செடிகளை மொய்த்திருந்த பூச்சிகளைக் கண்டு மக்கள் கலங்கினர். ஆராய்ந்து பார்த்தபோது அவை மஞ்சளும் நீலமும் கலந்த வரிகளையுடைய உள்ளூர் எருக்கு வெட்டுக்கிளிகள் எனத் தெரியவந்தது. தமிழ் நிலத்துக்கு வெட்டுக்கிளிப் படை வந்ததே இல்லை என்று சொல்வதும் தவறாகும். 1878இல் சென்னை மாகாணம் அத்தகைய வரவைக் கண்டிருக்கிறது. எனினும் தனித்து வாழும் பூச்சி, நெரிசலுக்குள்ளாகும்போது நிறமும் நடத்தையும் மாறிப் படையாகத் திரளும் இயல்பு, பூச்சியியலாளர் போரிஸ் உவரோவ் 1921இல் விளக்கியவாறு, ஒரு சில இனங்களுக்கே உரியது. வயலில் காணும் பெரும்பாலான இனங்கள் எத்தனை பெருகினாலும் அவ்வாறு மாறுவதில்லை.

இரவில் ஓயாது ஒலிக்கும் சுவர்க்கோழி வாயால் கத்துகிறது என்பதும், அதன் இரைச்சல் மழையை முன்னறிவிக்கிறது என்பதும் பலர் கொண்டுள்ள எண்ணங்கள். ஒரு முன்சிறகின் அடியிலுள்ள அரம்போன்ற நரம்பின்மீது மற்றதன் விளிம்பைத் தேய்த்து, பெண்ணை அழைக்கும் பொருட்டு, ஆண் பூச்சியே அந்த ஒலியை எழுப்புகிறது. அதைக் கேட்கும் செவியோ முன்னங்காலில், முழங்காலுக்குச் சற்றுக் கீழே அமைந்துள்ளது. அது ஒலியெழுப்பும் வேகத்தை முடுக்குவது வரப்போகும் மழையன்று, வெப்பமே. ஒலிகளை எண்ணியே வெப்பநிலையைக் கணிக்கலாம் என்று அமெரிக்க இயற்பியலாளர் ஏமஸ் டால்பியர் 1897இல் ஒரு வாய்பாடே வகுத்தார். பகலில் மரத்திலிருந்து கிறீச்சிடும் சில்வண்டு, சாறு உறிஞ்சும் வேறொரு பூச்சி வரிசையைச் சேர்ந்தது.

பிள்ளைப்பூச்சியை வாழைப்பழத்தில் வைத்து விழுங்கினால் பிள்ளைப்பேறு வாய்க்கும் என்ற நம்பிக்கை பெண்களை வருத்துவது என்பதால் அதைத் தயக்கமின்றி மறுக்க வேண்டும். அப்பூச்சிக்கும் கருத்தரிப்புக்கும் எவ்வகைத் தொடர்பும் இல்லை. மண்வெட்டி போன்ற முன்னங்கால்களால் ஈர வரப்பைக் குடைந்து நீர்க்கசிவு உண்டாக்குவதும், இளம்பயிரின் வேரைக் கடிப்பதும், மண்ணறையில் இட்ட முட்டைகளைத் தாய்ப்பூச்சி அருகிருந்து காப்பதுமே அதன் மெய்யான இயல்புகள்.

நெல்லைத் தின்னும் வெட்டுக்கிளிகள் உண்டு என்பதில் ஐயமில்லை. ஹீரோகிளைபஸ் பானியன் என்னும் குட்டைக்கொம்பு இனம் இலையை விளிம்பிலிருந்து கடித்துக்கொண்டே வருவதுடன், வயிற்றை வரப்பு மண்ணுக்குள் செலுத்தி நுரையோடு முட்டைத் தொகுதிகளை இடுகிறது. அந்நுரை இறுகி உறையாகிவிடும். கோடையுழவும் வரப்புச் செதுக்குதலும் இவ்வுறைகளை வெயிலுக்கும் மைனாவுக்கும் காட்டிக்கொடுப்பதால், அவை செலவு குறைந்த சிறந்த தடுப்பு முறைகளாகும்.

அதே வயலில், நெல்லின் தாளோடு தாளாக ஒட்டிக்கொண்டு, ஆள் நெருங்கினால் மறுபக்கம் நழுவிவிடும் கோனோசெபாலஸ் லாஞ்சிபென்னிஸ் என்னும் நீளக்கொம்பு இனத்தின் கதை வேறு. மஞ்சள் தண்டுத்துளைப்பானின் தாய் அந்துப்பூச்சி, இலையின் நுனிப்பக்கம் முட்டைகளைக் குவியலாக இட்டு, தன் வயிற்று மயிரால் வைக்கோல் நிறத்தில் ஒரு போர்வையும் போர்த்திவிட்டுப் போகிறது. அப்போர்வையைக் கடித்துக் கிழித்து உள்ளிருக்கும் முட்டைகளைத் தின்னும் வலிய தாடைகள் இவ்வெட்டுக்கிளிக்கு உண்டு. கதிர்நாவாய்ப் பூச்சியின் முட்டைகளையும் புகையானின் குஞ்சுகளையும் இது உண்கிறது. இலையையும் பூங்கதிரையும் இது சிறிது கொறிப்பதுண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. தண்டுத்துளைப்பானால் குருத்து காய்ந்தும் வெண்கதிர் விட்டும் உழவர் இழக்கும் விளைச்சலோடு ஒப்பிட்டால் அந்தச் சேதம் பொருட்படுத்தத்தக்கதன்று. பளபளக்கும் கறுப்பு நிறத்தில், எறும்பினும் சற்றே பெரிதாகத் தாள்களிடையே தாவித் திரியும் மெட்டியோகே விட்டாட்டிகோலிஸ் என்னும் சிறு சுவர்க்கோழி, இலைச்சுருட்டுப் புழுவின் தட்டையான முட்டைகளைத் தேடித் தின்பது. பலரின் கண்ணில் இது படுவதே இல்லை என்பது வருந்தத்தக்கது.

வெட்டுக்கிளி என்ற ஒரே பெயரை நம்பி மருந்து தெளிக்கும்போது, இலையைக் கடித்ததோடு முட்டையைத் தின்றதும் சேர்ந்தே மடிகிறது. செயற்கைப் பைரித்ராய்டு மருந்துகளைத் தெளித்த வயலில் புகையான் முன்னிலும் பெருகுவது வேளாண் அறிவியல் நன்கறிந்த விளைவு. இயற்கை எதிரிகளின் அழிவும் அதற்கு ஒரு காரணம். ஆகவே கடலூர் மாவட்டத்து உழவர்கள் மருந்துக்கடைக்குப் புறப்படும் முன்பு, காலை வேளையில் வயலில் இறங்கி, தெறித்தோடும் பூச்சிகளுள் ஒரு சிலவற்றைப் பிடித்து, கொம்பு உடலைவிட நீண்டதா குறுகியதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும்.