மலைநாட்டில் ஒரு பாலை

நுழையும்முன்

அடுப்பில் குழம்பு கொதிக்கும்போது அம்மா உங்களை அழைத்து, "ஒரு கட்டுக் கொத்துமல்லி வாங்கி வா" என்று சொன்னால் எவ்வளவு நேரத்தில் திரும்பி வருவீர்கள்? தெருமுனைக் கடைக்கு நடந்து சென்று, மீதிச் சில்லறையை எண்ணிக்கொண்டே வீடு சேரப் பத்து நிமிடம் ஆகலாம். அதே கொத்துமல்லிக்காக மலைப்பாதையில் ஒரு மணி நேரம் கார் ஓட்டிச் செல்லும் மக்களும் உலகில் உள்ளனர். அவர்கள் வாழும் நாடு ஏழை நாடு அன்று, அமெரிக்கா.

பாடம்

தமிழர் நிலத்தைக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என ஐந்தாகப் பகுத்தனர் என்பதை முன்னரே படித்திருப்பீர்கள். இவற்றுள் பாலை சற்று வேறானது. மலையாகிய குறிஞ்சியும் காடாகிய முல்லையும் வெப்பத்தால் வறண்டு, தம் இயல்பை இழந்து நிற்கும் நிலையே பாலை என்று சிலப்பதிகாரம் கூறுகிறது. அதாவது, பாலை முதலிலிருந்தே பாலையாக இருந்ததில்லை. முன்பு வேறொன்றாக இருந்த நிலமே பாலையாகிறது. இந்தக் கருத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நாம் காணப்போகும் இடத்திற்கு இது வியக்கத்தக்க வகையில் பொருந்தும்.

நல்ல உணவுப் பொருள் விற்கும் கடை எளிதில் சென்றடையும் தொலைவில் இல்லாத பகுதியை 'உணவுப் பாலை' என்பர். 1990களின் தொடக்கத்தில் ஸ்காட்லாந்தில் இத்தொடர் வழக்கிற்கு வந்தது. பின்னர் அமெரிக்க வேளாண்மைத் துறை இதற்கு ஓர் அளவுகோல் வகுத்தது. வருமானம் குறைந்த ஒரு பகுதியில் கணிசமான மக்களுக்கு மிக அருகிலுள்ள பல்பொருள் அங்காடி, நகரமாயின் 1 மைலுக்கு அப்பாலோ, நாட்டுப்புறமாயின் 10 மைலுக்கு அப்பாலோ இருந்தால் அது உணவுப் பாலை. நம் கணக்கில் முன்னது ஏறத்தாழ 1.6 கிலோமீட்டர், பின்னது 16 கிலோமீட்டர்.

மேற்கு வர்ஜீனியா மாநிலத்தின் தென்கோடியில் மெக்டொவல் என்னும் கவுண்டி உள்ளது. கவுண்டி என்பது மாநிலத்தின் உட்பிரிவு; நம் மாவட்டத்தைப் போன்றது. அப்பலாச்சிய மலைத்தொடரின் நடுவே அமைந்த பகுதி அது. எங்கு நோக்கினும் பசுமை. மலைச்சரிவுகளில் அடர்ந்த மரங்கள். குறுகிய பள்ளத்தாக்குகளில் ஓடைகள். 2001, 2002 ஆகிய ஆண்டுகளில் அடுத்தடுத்து வெள்ளம் வந்து வீடுகளை அழித்த அளவிற்கு அங்கே நீர்வளம் உண்டு. தமிழ்க் கண்கொண்டு நோக்கினால் அது குறிஞ்சி நிலமே. எனினும், உணவுப் பாலைக்கு எடுத்துக்காட்டாகப் பலரும் சுட்டும் இடங்களுள் அதுவும் ஒன்று.

குறிஞ்சி எவ்வாறு பாலையாயிற்று? விடை மண்ணுக்கு அடியில் இருந்த நிலக்கரியில் தொடங்குகிறது. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் அமெரிக்காவின் எஃகு ஆலைகளுக்குக் கரி தந்த முதன்மையான பகுதிகளுள் மெக்டொவலும் ஒன்று. வெளிநாடுகளிலிருந்தும் பிற மாநிலங்களிலிருந்தும் தொழிலாளர்கள் வந்து குவிந்தனர். சுரங்க நிறுவனங்களே வீடு கட்டித் தந்தன; கடையும் நடத்தின. நிறுவனம் அச்சிட்ட காசையே கூலியாகத் தரும் வழக்கமும் இருந்தது. அக்காசு அந்த நிறுவனத்தின் கடையில் மட்டுமே செல்லும். ஆகவே கடை அருகில் இருந்தது. விலையை ஒப்பிட்டு வேறு கடைக்குச் செல்லும் உரிமைதான் இல்லை.

1950ஆம் ஆண்டில் அங்கு ஏறத்தாழ 1,00,000 பேர் வாழ்ந்தனர். அதன்பின் கரி வெட்டும் பணிக்கு இயந்திரங்கள் வந்தன. நூறு பேர் செய்த வேலைக்குச் சிலரே போதும் என்றானது. எஃகுத் தொழிலும் நலிந்தது. சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. இளையோர் வேலை தேடி வெளியேறினர். 2020ஆம் ஆண்டின் கணக்கெடுப்பில் எஞ்சியிருந்தோர் 19,111 பேர். ஐவர் இருந்த இடத்தில் இன்று ஒருவர்.

மக்கள் குறைந்தால் கடைகள் ஏன் குறைய வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். பல்பொருள் அங்காடிக்கு நூறு ரூபாய் விற்பனையில் எஞ்சும் இலாபம் பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று ரூபாயே. நாள்தோறும் நிறைய விற்றால்தான் கட்டுபடியாகும். காய்கறி, பால், இறைச்சி ஆகியவற்றைக் குளிரூட்டிய வண்டியில் வளைந்து செல்லும் மலைச்சாலை வழியே கொண்டுவர வேண்டும். விற்காவிட்டால் அவை அழுகிவிடும். ஆகவே முதலில் விலகுவது இத்தகைய கடைதான். கெடாத பொருள்களை விற்கும் சிறு கடைகளும் பெட்ரோல் நிலையக் கடைகளும் எஞ்சும். அவற்றில் உருளைக்கிழங்கு வறுவலும் இனிப்புப் பானமும் எப்போதும் கிடைக்கும். கீரை கிடைப்பது அரிது.

2005ஆம் ஆண்டில் கிம்பால் என்னும் சிற்றூரில் வால்மார்ட் நிறுவனம் பெரிய அங்காடி ஒன்றைத் திறந்தது. மக்கள் பொருள் வாங்குவதற்கு மட்டுமன்றி, உற்றாரைச் சந்திப்பதற்கும் அங்கு வந்தனர். 2016 ஜனவரியில் அந்நிறுவனம் உலகெங்கும் 269 கடைகளை மூடியபோது கிம்பால் கடையும் மூடப்பட்டது. வேலை போயிற்று. அருகிலிருந்த உணவு வங்கிக்கு அக்கடையிலிருந்து வந்துகொண்டிருந்த உணவுப் பொருள்களும் நின்றன. அண்டை மாவட்டத்திலோ அண்டை மாநிலத்திலோ உள்ள பெரிய கடையை நாடி மக்கள் மலைகடந்து செல்லத் தொடங்கினர்.

இந்த மாவட்டத்தின் வரலாற்றில் இன்னொரு செய்தியும் உண்டு. அதை அறிந்தபின் மேற்சொன்னவற்றை மீண்டும் ஒருமுறை படிக்கத் தோன்றும். 1960ஆம் ஆண்டில் தேர்தல் பரப்புரைக்காக மேற்கு வர்ஜீனியாவிற்கு வந்த ஜான் கென்னடி, அம்மாநில மக்களின் வறுமையை நேரில் கண்டார். குடியரசுத் தலைவரானபின் அவர் பிறப்பித்த முதல் ஆணையே வறியோருக்கு உணவு வழங்குதலை விரிவாக்குவது பற்றியது. அதன் தொடர்ச்சியாக 1961 மே 29 அன்று, அத்திட்டத்தின் முதல் உணவு முத்திரைகள் மெக்டொவல் மாவட்டத்தைச் சேர்ந்த ஒரு குடும்பத்திற்கு வழங்கப்பட்டன. பதினைந்து பேர் கொண்ட குடும்பம்; 95 டாலர் மதிப்புள்ள முத்திரைகள். அவற்றைக் கொண்டு அவர்கள் முதலில் வாங்கியது தகர டப்பாவில் அடைத்த அவரையும் பன்றி இறைச்சியும். முதற்பொருளே கெடாத பொருள் என்பதைக் கவனியுங்கள்.

அந்த முத்திரை இன்று ஓர் அட்டையாக மாறியுள்ளது. அரசு மாதந்தோறும் அதில் பணம் சேர்க்கிறது. ஆயின், அட்டையைக் கொண்டு உணவுப் பொருள் மட்டுமே வாங்கலாம். கடைக்குச் செல்லத் தேவையான பெட்ரோலை வாங்க இயலாது. கார் இல்லாத முதியவர், பக்கத்து வீட்டார் புறப்படும் நாளுக்காகக் காத்திருக்கிறார். மாதத்தில் ஒருமுறையோ இருமுறையோதான் கடைக்குச் செல்ல முடியும் என்றால், கூடையில் எதை நிரப்புவீர்கள்? கீரை இரண்டாம் நாளே வாடிவிடும். டப்பா உணவு ஓராண்டு இருக்கும். எல்லா ஏழைகளும் அறியாமையால்தான் சத்தற்ற உணவை உண்கின்றனர் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். இந்தக் கூடையை ஒருமுறை எண்ணிப் பார்த்தவர் அவ்வாறு சொல்லத் தயங்குவார்.

அதற்காக, கடை திறந்தால் போதும் என்றும் நினைத்துவிடக் கூடாது. புதிய அங்காடி வந்த பின்னும் மக்கள் வாங்கும் உணவு பெரிதாக மாறவில்லை என்று அமெரிக்கப் பொருளியலார் கண்டுள்ளனர். வருமானமும் நெடுநாள் பழக்கமும் தொலைவைக் காட்டிலும் வலியவை. நலிவிற்கு இடையிலும் அம்மலைமக்கள் கைகட்டி இருக்கவில்லை. வீட்டுத் தோட்டத்து அவரையைக் கண்ணாடிக் குடுவைகளில் பதப்படுத்திக் குளிர்காலத்திற்குச் சேமிப்பர். இளவேனிலில் காட்டில் முளைக்கும் ஒருவகைக் காட்டுப் பூண்டைப் பறித்து, விழா எடுத்து உண்பர். குறிஞ்சியின் இயல்பு முற்றிலும் மறைந்துவிடவில்லை.

இனி நம் பக்கம் திரும்புவோம். இந்திய நகரங்களில் கடை அருகிலேயே உண்டு; தள்ளுவண்டி வாசலுக்கே வரும். ஆனால் உங்களைப் போல ஊர்விட்டு ஊர் வந்த குடும்பங்கள் பலவற்றிற்கு வேறொரு தொலைவு இருந்தது. 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, முன்னுரிமைக் குடும்பத்தில் ஒருவருக்கு மாதம் 5 கிலோ தானியம் உண்டு. எனினும் குடும்ப அட்டை ஒரே ஒரு நியாயவிலைக் கடையோடு கட்டப்பட்டிருந்தது. தந்தை சூரத்தில் வேலை செய்வார். அட்டை சேலத்தில் பாட்டியின் பெட்டியில் இருக்கும். சூரத்தில் கடைக்கு எதிரிலேயே குடியிருந்தாலும் அவருக்கு அரிசி இல்லை. 1,000 கிலோமீட்டருக்கு மேற்பட்ட அத்தொலைவு எந்த அளவுகோலிலும் பதிவாகவில்லை.

2019ஆம் ஆண்டில் சில மாநிலங்களில் தொடங்கிய 'ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டை' திட்டத்தில் தமிழ்நாடு 2020 அக்டோபரில் சேர்ந்தது. 2022 ஜூனில் அசாமும் சேர, திட்டம் நாடு முழுவதும் பரவியது. இப்போது முன்னுரிமை அட்டைக்குரியவர் எந்த மாநிலத்துக் கடையிலும் விரல்ரேகை பதித்து, மைய அரசின் தானியத்தைப் பெறலாம். தமிழ்நாட்டு அரசு தன் பொறுப்பில் குறைந்த விலைக்குத் தரும் துவரம்பருப்பும் பாமாயிலும் மட்டும் எல்லை கடந்து வருவதில்லை. அவற்றுக்கு இன்றும் பாட்டியின் ஊருக்கே செல்ல வேண்டும்.

சொல்லும் பொருளும்

அங்காடி – கடை. இளவேனில் – சித்திரை, வைகாசி மாதங்கள் (மேலைநாடுகளில் குளிர்காலத்தை அடுத்து வரும் பருவம்). நலிதல் – வலுக்குறைதல். பரப்புரை – பிரசாரம். கட்டுபடியாதல் – செலவுக்கு ஏற்ற வரவு கிடைத்தல்.

பயிற்சி

1. பிரித்து எழுதுக: நிலக்கரி, மலைப்பாதை, விரல்ரேகை.

2. மெக்டொவலைக் குறிஞ்சி என்றும் பாலை என்றும் ஆசிரியர் கூறுவது ஏன்? ஐந்து தொடர்களில் விளக்குக.

3. சுரங்க நிறுவனத்தின் கடை அருகில் இருந்தும் தொழிலாளர்க்கு இருந்த குறை யாது? அக்குறையையும் இன்றைய மக்களின் குறையையும் ஒப்பிட்டு எழுதுக.

4. உங்கள் வீட்டிலிருந்து காய்கறிக் கடை, பால் கடை, நியாயவிலைக் கடை ஆகியவற்றிற்கு உள்ள தொலைவை நடந்து அளந்து குறிக்க. பின்னர் ஊரிலிருக்கும் பாட்டி அல்லது தாத்தாவிடம் தொலைபேசியில் பேசி, அவர்கள் சிறுவயதில் உப்பும் மண்ணெண்ணெயும் வாங்க எவ்வளவு தூரம் நடந்தனர், யார் சென்றனர் என்று கேட்டு, அவர்கள் சொன்ன சொற்களிலேயே ஒரு பத்தி எழுதுக.