குறுவைக் கடன் காலத்தில் ஒரு கோடைப் பயிற்சி: கல்லூரி மாணவர்களுக்கான வழிகாட்டி

வங்கி வேலையை விரும்பும் மாணவர்கள் பலர் கோடை விடுமுறைப் பயிற்சிக்கு நகரத்துக் கிளைகளைத்தான் தேடுகிறார்கள். பயிர்க்கடன் கொடுக்கும் இடத்தில் போய் உட்காரலாம் என்று நினைப்பவர்கள் குறைவு. ஆனால் மே, ஜூன் மாதங்களில் ஒரு மாணவர் கடன் தொழிலைக் கற்றுக்கொள்ள அதைவிட நல்ல இடம் கிடையாது. மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கும் நாள் ஜூன் 12. தண்ணீர் வருவதற்கு முந்தைய வாரங்களில்தான் காவிரி டெல்டாவில் பழைய கடனைக் கட்டுவதும், புதுக்கடனுக்கு எழுதிக் கொடுப்பதும், சிட்டா அடங்கலோடு வரிசையில் நிற்பதும் நடக்கின்றன. மற்ற பருவங்களில் போனால் பழைய கோப்புகளைப் படிக்கலாம். இந்தப் பருவத்தில் போனால் கடன் உருவாவதையே பார்க்கலாம்.

எங்கே விண்ணப்பிப்பது

முதுநிலை மாணவர் என்றால் முதலில் நபார்டைப் பாருங்கள். 1982 ஜூலையில் தொடங்கப்பட்ட இந்த வங்கி விவசாயிக்கு நேரடியாகப் பயிர்க்கடன் தருவதில்லை. தருகிற வங்கிகளுக்கு மறுநிதி தருகிறது, மாவட்டந்தோறும் கடன் வளத்தை மதிப்பிடுகிறது. அதன் மாணவர் பயிற்சித் திட்டம் 8 முதல் 12 வாரம் வரை நடக்கும். அண்மை ஆண்டுகளின் அறிவிப்புகளில் உதவித்தொகை மாதம் 18,000 ரூபாய். களப்பணிக்குத் தனிப்படி உண்டு. வேளாண்மை, பொருளியல், சமூக அறிவியல், மேலாண்மை போன்ற துறைகளில் முதுநிலை முதலாண்டை முடித்தவர்களுக்கும், ஐந்தாண்டு ஒருங்கிணைந்த படிப்பின் பிற்பகுதியில் இருப்பவர்களுக்கும் உரியது. அறிவிப்பு பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச்சில் நபார்டின் இணையதளத்தில் வரும். விண்ணப்பிக்கக் கிடைக்கும் அவகாசம் குறைவு. இடங்களும் நாடு முழுவதற்கும் சேர்த்துக் கொஞ்சம்தான். ஆகவே பொங்கல் முடிந்ததும் பார்க்கத் தொடங்கிவிடுங்கள்.

இளநிலை மாணவர்களுக்கு வேறு கதவுகள் உண்டு. சேலத்தைத் தலைமையிடமாகக் கொண்ட தமிழ்நாடு கிராம வங்கி (பாண்டியன், பல்லவன் கிராம வங்கிகள் 2019 ஏப்ரலில் இணைந்து உருவானது), ஊரில் இருக்கும் பொதுத்துறை வங்கிக் கிளை, மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கி, அதன்கீழ் இயங்கும் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம். ஊர்க்காரர்கள் ‘சொசைட்டி’ என்று சொல்வது இந்தக் கடைசியைத்தான். உதவித்தொகை கிடைக்காமல் போகலாம். இருந்தாலும் இளநிலை மாணவருக்கு நான் முதலில் சொல்வது சொசைட்டியைத்தான். கடன், உரம், நகைக்கடன், பல ஊர்களில் ரேஷன் கடை என எல்லாமே ஒரே கூரையின்கீழ் நடப்பதால், ஒரு விவசாயக் குடும்பத்தின் பணம் எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்பது அங்கே ஒரு வாரத்தில் புரிந்துவிடும். பெரிய கிளையில் ஒரு மாதம் இருந்தாலும் அது கண்ணில் படாது.

கடிதம் எழுதுவது

ஒரு பக்கம் போதும். எந்தக் கல்லூரி, எந்த ஆண்டு, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை, எந்த ஒரு கேள்வியைப் படிக்கப் போகிறீர்கள், கல்லூரியில் பொறுப்பு ஆசிரியர் யார் என்பவை மட்டும். துறைத்தலைவர் கையெழுத்திட்ட பரிந்துரைக் கடிதத்தையும் போனஃபைட் சான்றிதழையும் இணையுங்கள். சொசைட்டிச் செயலாளர் தானாக முடிவெடுக்கத் தயங்குவார். அதில் நியாயம் இருக்கிறது. எனவே மத்தியக் கூட்டுறவு வங்கிக்கும் மண்டல இணைப்பதிவாளர் அலுவலகத்துக்கும் கடிதத்தின் நகலைக் கொடுத்து, அங்கிருந்து அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். வணிக வங்கி என்றால் கிளை மேலாளரைப் பார்த்துவிட்டு, மண்டல அலுவலகத்தின் ஒப்புதலைக் கேளுங்கள். மார்ச் கடைசியில் மட்டும் போகாதீர்கள். ஆண்டுக் கணக்கு முடிக்கும் நேரத்தில் யாருக்கும் உங்களோடு பேச நேரம் இருக்காது.

‘விவசாயக் கடன் பற்றிய ஓர் ஆய்வு’ என்று தலைப்பு வைத்தால் எங்கும் போய்ச் சேராது. கேள்வி சிறியதாக இருக்கட்டும். ‘இந்தச் சங்கத்தில் பயிர்க்கடன் வாங்கியவர்களில் சிலர் அதே பருவத்தில் நகைக்கடனும் வாங்குவது ஏன்?’ ‘குத்தகைக்குப் பயிர் செய்பவர்கள் பணத்துக்கு எங்கே போகிறார்கள்?’ ‘கெடுதேதிக்கு ஒரு வாரம் தாண்டிக் கட்டுபவர்கள் ஏன் தாண்டுகிறார்கள்?’ இப்படிக் கேட்டால் அலுவலரும் நிமிர்ந்து உட்கார்ந்து பேசுவார். அவருக்கும் பதில் வேண்டிய கேள்விகள் இவை.

போகுமுன் கைவசமாக்க வேண்டியவை

பட்டா, சிட்டா, அடங்கல் மூன்றையும் உங்கள் குடும்ப நிலத்துக்கோ தெரிந்தவர் நிலத்துக்கோ எடுத்துப் பாருங்கள். பட்டாவும் சிட்டாவும் நிலம் யார் பெயரில், எவ்வளவு, நஞ்சையா புஞ்சையா என்று சொல்லும். அடங்கல் அந்தப் பசலியில், அதாவது வருவாய்த்துறைக் கணக்கு ஆண்டில், என்ன பயிர் நிற்கிறது என்று சொல்லும். கிராம நிர்வாக அலுவலர் தருவது. பசலி ஜூலை 1-இல் தொடங்கும். ஆங்கில ஆண்டிலிருந்து 591-ஐக் கழித்தால், அந்த ஜூனில் முடியப்போகும் பசலி எண் வரும். மே மாதம் பயிற்சிக்குப் போகிறவருக்கு இந்தக் கணக்கு தெரிந்திருக்க வேண்டும். பயிற்சியின் நடுவிலேயே பசலி மாறிவிடும். புது அடங்கல் கேட்பார்கள்.

அடுத்து, கடன் வரம்பு போடும் கணக்கு. ஒவ்வொரு பயிருக்கும் ஏக்கருக்கு எவ்வளவு கடன் என்று மாவட்டத் தொழில்நுட்பக் குழு ஆண்டுதோறும் நிர்ணயிக்கிறது. அந்தப் பட்டியலைக் கிளையில் கேட்டு வாங்குங்கள். கிசான் கடன் அட்டையில் முதலாண்டு வரம்பு, அந்தத் தொகையை நிலப்பரப்பால் பெருக்கி, அறுவடைக்குப் பிந்தைய செலவுக்கும் வீட்டுச் செலவுக்குமாக 10 சதவீதம், பண்ணைச் சொத்துகளின் பராமரிப்புக்கு 20 சதவீதம், பயிர்க் காப்பீட்டுப் பிரிமியம் ஆகியவற்றைச் சேர்த்தது. கணக்குக்காக ஏக்கருக்கு 36,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மூன்று ஏக்கருக்கு 1,08,000. அதோடு 10,800, பிறகு 21,600. மொத்தம் 1,40,400, பிரிமியம் தனி.

இந்த 1,40,400-க்கு ஓராண்டு வட்டி 7 சதவீதத்தில் 9,828 ரூபாய். கெடுதேதிக்குள் கட்டினால் மத்திய அரசின் 3 சதவீத ஊக்கம் போக 4 சதவீதம்தான், அது 5,616. ஒரு நாள் பிந்தினால் 4,212 ரூபாய் போகிறது. தமிழ்நாட்டுக் கூட்டுறவுச் சங்கங்களில் தவணை தவறாமல் கட்டினால் பயிர்க்கடனுக்கு வட்டியே இல்லை என்பதால், அங்கே இழப்பு இன்னும் பெரியது. கெடுதேதி நெருங்கும்போது விவசாயி அடகுக்கடைக்கு ஓடுவது ஏன் என்பது இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தவருக்கு விளங்கும். விதிகளும் விகிதங்களும் மாறுபவை. கிளையில் இருக்கும் கடைசிச் சுற்றறிக்கையோடு ஒப்பிட்டுக்கொண்டு கணக்குப் போடுங்கள். பிணையில்லாத வேளாண் கடனின் உச்சவரம்பு 2025 ஜனவரியில் 1.6 லட்சத்திலிருந்து 2 லட்சமானது. பழைய பாடப்புத்தகத்தில் பழைய தொகைதான் இருக்கும்.

முதல் வாரம்

கவுன்ட்டருக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி கேட்டு வாங்கி உட்காருங்கள். யாரையும் கேள்வி கேட்க வேண்டாம். வருகிறவர்கள் என்ன கொண்டு வருகிறார்கள், எதற்காகத் திருப்பி அனுப்பப்படுகிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். பட்டா அப்பா பெயரிலேயே இருப்பது, கூட்டுப் பட்டாவில் ஒருவர் ஊரில் இல்லாதது, ஆதாரில் ஒரு பெயரும் சிட்டாவில் ஒரு பெயரும் இருப்பது. கடன் மறுக்கப்படும் காரணங்களில் எத்தனை பணத்தோடு சம்பந்தமே இல்லாதவை என்பது உங்களை வருத்தப்படுத்தும், வருத்தப்பட வேண்டியதுதான். அந்தக் குறிப்பை அறிக்கைக்குப் பத்திரப்படுத்துங்கள்.

எடுபிடி வேலை வரும். படிவம் நிரப்பித் தரச் சொல்வார்கள். மறுக்காதீர்கள். ஒருவரின் படிவத்தை நிரப்பும்போது அவர் நிலம், கிணறு, மாடு, மகளின் படிப்பு எல்லாம் பேச்சில் வந்துவிடும். ஆனால் ஒரு வரம்பு உண்டு: வேறொருவரின் கடவுச்சொல்லில் கணினியில் எதையும் பதிய வேண்டாம், பணத்தைக் கையில் வாங்க வேண்டாம், வசூலுக்கு உங்களை முன்னால் நிறுத்தினால் பணிவாக மறுத்துவிடுங்கள்.

வயலுக்குப் போவது

பயிற்சியின் உயிர் இங்கேதான். குறைந்தது பாதி நாட்களாவது வெளியே இருங்கள். கடன் தருமுன் நிலத்தைப் பார்க்கப் போகும் அலுவலரோடு போகலாம். அதைவிட, அலுவலர் இல்லாமல் கல்லூரி அடையாள அட்டையோடு தனியாகவும் போவது அவசியம். அலுவலர் பக்கத்தில் நிற்கும்போது யாரும் கந்துவட்டிக் கணக்கைச் சொல்ல மாட்டார்கள்.

‘எவ்வளவு கடன் இருக்கு?’ என்று தொடங்கினால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். “ஐயா, இந்தத் தடவை குறுவைக்கு என்ன நெல்லு போடப் போறீங்க?” என்று கேளுங்கள். “தம்பி, தண்ணி எப்ப வருதோ அதப் பொறுத்துதான்” என்று தொடங்கி, ஆடுதுறை 36-ஆ, கோ 51-ஆ, விதை எங்கே வாங்குகிறார், நடவாள் கூலி எவ்வளவு என்று போய், கடன் தானாகவே வரும். குறுவை ஏறக்குறைய 110 நாள் பயிர். அறுவடையாகி, நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை போட்டு, பணம் கணக்கில் ஏறிய பிறகுதான் அவரால் கட்ட முடியும். கொள்முதல் நிலையத்தில் நெல் தேங்கும் நாட்களையும் கடனின் கெடுதேதியையும் ஒரே தாளில் பக்கத்துப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். மாதச் சம்பளக்காரருக்கான கடனுக்கும் இதற்கும் உள்ள அடிப்படை வேறுபாடு அங்கே தெரியும். வாராக்கடன் விதிகூட இதை ஏற்றுத்தான் எழுதப்பட்டது: குறுகிய காலப் பயிருக்கு இரண்டு பயிர்ப் பருவங்கள் தவணை தாண்டினால்தான் கடன் வாராக்கடன் ஆகும், மற்ற கடன்களைப் போல 90 நாள் அல்ல.

குத்தகை விவசாயிகளைத் தவறாமல் சந்தியுங்கள். நிலம் ஒருவர் பெயரில், உழைப்பு இன்னொருவருடையது. அடங்கலில் பெயர் ஏறாதவருக்குக் கடன் கிடைப்பது பெரும்பாடு. குத்தகை உரிமையைப் பதிய 1969-ஆம் ஆண்டுச் சட்டமே இருந்தும், எழுத்தில்லாத வாய்மொழிக் குத்தகைதான் பரவலாக நடக்கிறது. நிலப்பத்திரம் இல்லாதவர்கள் 4 முதல் 10 பேர் சேர்ந்து ஒருவருக்கொருவர் பொறுப்பேற்கும் கூட்டுப் பொறுப்புக் குழுக்களுக்கு வங்கிகள் கடன் தரலாம். உங்கள் கிளைப் பகுதியில் அப்படி எத்தனை குழுக்கள் இயங்குகின்றன, நின்றுபோனவை ஏன் நின்றன என்பது ஒரு முழுப் பயிற்சிக்கும் போதுமான பொருள். யாராவது இதைச் செய்ய வேண்டும் என்று உண்மையிலேயே விரும்புகிறேன்.

பெண்களிடம் தனியாகப் பேச முயலுங்கள். நகைக்கடனில் வைக்கப்படுவது பெரும்பாலும் அவர்களின் நகை. திருப்புவது எப்போது என்ற கணக்கு அவர்கள் மனத்தில் இருக்கும், கோப்பில் இருக்காது.

அறிக்கை

பெயர், கணக்கு எண், ஆதார் எதுவும் அறிக்கையில் வரக்கூடாது. ‘விவசாயி அ, இரண்டு ஏக்கர், ஆற்றுப்பாசனம்’ என்று எழுதினால் போதும். பேரேட்டைக் கைப்பேசியில் படம் பிடிக்காதீர்கள். அனுமதி கிடைத்தாலும் வேண்டாம். தேவையான எண்ணிக்கையை மட்டும் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

கூட்டுறவின் வரலாற்றை நாலைந்து பக்கத்துக்கு எழுதும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். சென்னை மாகாணத்துக்காக நிக்கல்சன் தந்த அறிக்கையும் 1904-ஆம் ஆண்டுச் சட்டமும் ஒரு பத்திக்குள் அடங்கும். மீதிப் பக்கங்கள் நீங்கள் பார்த்ததற்கு. இருபது பேரிடம்தான் பேசினீர்கள் என்றால் இருபது பேர் என்றே எழுதுங்கள். அதை மாவட்டத்துக்கே பொருத்தி சதவீதம் போடாதீர்கள். கடைசியில், அந்தக் கிளையால் தன் அதிகாரத்துக்குள் செய்யக்கூடிய இரண்டு மூன்று மாற்றங்களைச் சொல்லுங்கள். கடன் தள்ளுபடி வேண்டும் என்று எழுதினால் செயலாளரால் ஒன்றும் செய்ய முடியாது. தேவையான ஆவணங்களின் பட்டியலைப் பெரிய எழுத்தில் வாசலில் ஒட்டலாம், கெடுதேதிக்கு இரண்டு வாரம் முன்பு உறுப்பினர்களுக்குத் தொலைபேசியில் சொல்லலாம் என்றால் அவரால் மறுநாளே செய்ய முடியும்.

தமிழில் இரண்டு பக்கச் சுருக்கம் ஒன்று தயாரித்து, கிளைக்கும் உங்களோடு பேசிய விவசாயிகளுக்கும் கொடுங்கள். சான்றிதழ் வாங்கும்போது தேதிகளோடு, செய்த வேலையையும் குறிப்பிடச் சொல்லுங்கள்: எத்தனை களப்பார்வை, எந்தத் தலைப்பில் ஆய்வு. வங்கிகளின் வேளாண் கள அலுவலர் பணி, கிராம வங்கி அதிகாரிப் பணி, நபார்டின் கிரேடு ஏ பணி ஆகியவற்றின் நேர்முகத் தேர்வில் இந்தத் தாளை மேசையில் வைத்தால், அடுத்த கேள்வி உங்கள் களத்தைப் பற்றியே வர வாய்ப்பு அதிகம். அன்று பார்த்துப் போக அறிக்கையின் ஒரு பிரதியும் களக்குறிப்பு நோட்டும் உங்களிடமே இருக்கட்டும்.