பெரிய பணத்துக்குப் பெரிய பூட்டு: நெட்பேங்கிங் பாதுகாப்புக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

என் பெரியப்பா ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். சில வருடங்களுக்கு முன்பு அவருடைய வங்கி அவருக்கு ஒரு சின்னக் கருவியைக் கொடுத்தது. சாவிக்கொத்தில் மாட்டிக்கொள்ளும் அளவுதான் இருக்கும். பொத்தானை அழுத்தினால் ஆறு இலக்க எண் தெரியும். நெட்பேங்கிங்கில் அந்த எண்ணைப் போட்டால்தான் பணம் நகரும். ஒருநாள் கரண்ட் பில் கட்ட உதவி கேட்டு என்னைக் கூப்பிட்டார். பீரோவிலிருந்து அந்தக் கருவியை எடுத்து வந்தார். அதைச் சுற்றி ஒரு ரப்பர் பேண்டு, அதற்குள் நான்காக மடித்த காகிதம். யூசர் ஐடி, பாஸ்வேர்டு, பணம் அனுப்புவதற்கான இன்னொரு பாஸ்வேர்டு எல்லாம் அவருடைய முத்துமுத்தான கையெழுத்தில் அதில் இருந்தன.

அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. இரண்டு பாஸ்வேர்டு, இரண்டையும் அவ்வப்போது மாற்றச் சொல்லும் வங்கி, இதற்கு மேல் ஒரு கருவி. எழுபது வயதைத் தாண்டியவர் எழுதி வைக்காமல் என்ன செய்வார்? ஆனால் அந்த ரப்பர் பேண்டு கட்டு யார் கையில் கிடைத்தாலும் அவருடைய ஓய்வூதியச் சேமிப்பு முழுவதும் கிடைத்த மாதிரிதான்.

நம் வீடுகளில் பால்காரருக்கான காசு அஞ்சறைப் பெட்டியில் இருக்கும், நகை பீரோவின் உள் அறையில் இருக்கும், அதற்கும் மேலானது வங்கி லாக்கருக்குப் போகும். மூன்றுக்கும் ஒரே பூட்டை எந்தப் பாட்டியும் போட்டதில்லை. நெட்பேங்கிங்கிலும் அதையே செய்யுங்கள் என்பதுதான் இந்த வழிகாட்டி சொல்லவரும் விஷயம்.

## முதல் படி: உங்களிடம் என்னென்ன சாவிகள் இருக்கின்றன?

வங்கி லாக்கரைத் திறக்க இரண்டு சாவி வேண்டும். ஒன்று உங்களிடம் இருக்கும், இன்னொன்று வங்கியிடம். இணையப் பணப் பரிமாற்றத்திலும் இரண்டு சாவி உண்டு, ஆனால் இரண்டுமே உங்கள் பொறுப்பில் இருக்கும். ஒன்று நினைவில் இருப்பது: பாஸ்வேர்டு, பின் நம்பர். மற்றது கையில் இருப்பது: போன், சிம், கருவி. சில சமயம் விரல் ரேகையோ முகமோ ஒரு சாவியாக இருக்கும். கார்டு வைத்து இணையத்தில் வாங்கும்போது இரண்டாவது சரிபார்ப்பு கட்டாயம் என்று 2009 ஆகஸ்டிலேயே ரிசர்வ் வங்கி கொண்டுவந்துவிட்டது.

எஸ்எம்எஸ் ஓடிபி. எந்த போனிலும் வரும், கற்றுக்கொள்ள ஒன்றும் இல்லை. ஆனால் அது சிம்மோடு ஒட்டிய சாவி. சிம் யாரிடம் இருக்கிறதோ ஓடிபி அவருக்குத்தான் போகும். கல்யாணப் பத்திரிகை, போக்குவரத்து அபராதம் என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்பைத் தொட்டு நிறுவிவிட்டால், உங்கள் எஸ்எம்எஸ்ஸைத் திருடன் தன் இடத்திலிருந்தே படித்துவிட முடியும்.

வங்கியின் ஆப். ஓடிபி எஸ்எம்எஸ்ஸாக வராமல், பதிவு செய்த போனில் இருக்கும் ஆப்புக்குள்ளேயே உருவாகும். ஸ்டேட் வங்கியின் செக்யூர் ஓடிபி இந்த வகை. எஸ்எம்எஸ்ஸைவிட உறுதியானது. போனை மாற்றும்போது மட்டும் மறுபடி பதிவு செய்ய வேண்டியிருக்கும்.

டோக்கன் கருவி. பெரியப்பாவிடம் இருந்தது இதுதான். உள்ளே ஒரு கடிகாரமும் ஒரு ரகசிய எண்ணும் இருக்கின்றன. அதே ரகசிய எண் வங்கியின் கணினியிலும் உண்டு. இரண்டும் ஒரே நேரத்தில் ஒரே கணக்கைப் போட்டு ஒரே விடைக்கு வருகின்றன, அதனால் கருவிக்கு இணையமும் வேண்டாம், சிக்னலும் வேண்டாம். 30 அல்லது 60 விநாடிக்கு ஒருமுறை எண் மாறும். வைரஸ் புக வழியில்லை. ஆனால் இதுவும் எல்லாவற்றையும் தடுத்துவிடாது. போலி இணையதளத்தில் அந்த எண்ணை நீங்களே தட்டச்சு செய்துவிட்டால், காலாவதியாகும் முன்பே திருடன் அதை உண்மையான தளத்தில் பயன்படுத்திவிடுவான்.

விரல் ரேகை. எளிமையில் இதை மிஞ்ச எதுவும் இல்லை. வங்கி ஆப்பை ரேகையால் திறக்கும்போது உங்கள் ரேகை வங்கிக்குப் போவதில்லை, போனுக்குள் பூட்டி வைத்திருக்கும் சாவியைத்தான் அது எடுத்துக் கொடுக்கிறது. அதனால், போனில் பதிந்திருக்கும் எந்த விரலாலும் பல ஆப்கள் திறந்துவிடும். கேம் விளையாட மகனுடைய விரலைப் பதிந்து வைத்திருக்கிறீர்களா? செட்டிங்ஸில் போய் எத்தனை விரல் இருக்கிறது என்று இன்றே எண்ணிப் பாருங்கள். இன்னொன்று, ரேஷன் கடையில் ரேகை விழாமல் திரும்பி வருகிற பெரியவர்களுக்கு இந்தச் சாவி சரிப்படாது. அவர்களை இதில் தள்ளாதீர்கள்.

2026 ஏப்ரல் 1 முதலான ரிசர்வ் வங்கியின் விதிகள் எஸ்எம்எஸ் ஓடிபியை ஒழிக்கவில்லை, மற்ற வழிகளுக்கும் கதவைத் திறந்திருக்கின்றன. அதனால் எந்தச் சாவி எதற்கு என்று தெரிந்துகொள்வது இனி இன்னும் அவசியம்.

## இரண்டாம் படி: பணத்தைப் பிரித்து வையுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

ரிசர்வ் வங்கியின் விதிகளே தொகைக்குத் தகுந்த பூட்டைத்தான் போடுகின்றன. யுபிஐ லைட்டில் 1,000 ரூபாய் வரை பின் கேட்காது, அதில் மொத்தம் 5,000 ரூபாய்க்கு மேல் வைக்கவும் முடியாது. தட்டிச் செலுத்தும் கார்டில் 5,000 வரை பின் வேண்டாம். மாதாமாதம் தானாகக் கழியும் பெரும்பாலான சந்தாக்களுக்கு 15,000 வரை ஓடிபி வேண்டாம். டீக்கடையில் பத்து ரூபாய்க்கு ஆறு இலக்க பின்னை நான்கு பேர் பார்க்க அழுத்துவதுதான் உண்மையில் ஆபத்து. அந்த இடத்துக்கு லைட்டே நல்லது.

இதையே கணக்கு அளவில் செய்யுங்கள். ஒன்று செலவுக் கணக்கு. யுபிஐ, டெபிட் கார்டு, கேஸ் முன்பதிவு எல்லாம் இதில். ஒரு மாதச் செலவுக்கு மேல் இதில் பணம் வேண்டாம். மற்றது சேமிப்புக் கணக்கு, முடிந்தால் வேறொரு வங்கியில். ஓய்வூதியம், நிலம் விற்ற பணம், எஃப்டி எல்லாம் இங்கே. எஃப்டியில் போட்டாயிற்றே என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். பல வங்கிகளில் நெட்பேங்கிங் வழியாகவே எஃப்டியை உடைக்கலாம், மோசடிக்காரர்களுக்கும் அது தெரியும்.

பலரும் கவனிக்காத ஒரு நுணுக்கம் உண்டு. ஒரே மொபைல் எண்ணை இரண்டு கணக்குக்கும் கொடுத்தால், அந்த எண் இருக்கும் போனிலிருந்து யுபிஐ ஆப் இரண்டு கணக்கையும் கண்டுபிடித்துவிடும். சிம்மோடு டெபிட் கார்டின் கடைசி ஆறு இலக்கமும் காலாவதி தேதியும் கிடைத்தால் புது யுபிஐ பின் போட வழி இருக்கிறது. ஆகவே சேமிப்புக் கணக்குக்கு வேறு எண் கொடுங்கள்.

அந்த வேறு எண்ணுக்கு நான் சிபாரிசு செய்வது ஒரு பழைய பட்டன் போன். இணையம் இல்லாத, அழைப்பும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் வரும் சாதாரண போன். அதில் வாட்ஸ்அப் ஏபிகே ஏறாது, திரையைப் பகிரும் ஆப்பை யாராலும் போட வைக்க முடியாது. பஸ்ஸில் தொலையாது, ஏனென்றால் அது வீட்டை விட்டே வெளியே போகாது. பெரியப்பாவின் டோக்கன் கருவி செய்த வேலையை அவருக்கு ஏற்கெனவே பழகிய ஒரு பொருள் செய்கிறது. இரண்டு விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். ரீசார்ஜை விட்டுவிட்டால் எண் கைவிட்டுப் போய், பிறகு வேறு யாருக்கோ ஒதுக்கப்படும். வருடத் திட்டமாகப் போட்டுவிடுங்கள். அந்த போன் எங்கே இருக்கிறது என்பது வீட்டில் இன்னொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

## மூன்றாம் படி: வேண்டாத கதவுகளை மூடுங்கள்

இது பத்து நிமிட வேலை. 2020 அக்டோபர் முதல் எல்லா வங்கிகளும் கார்டை இயக்க, நிறுத்த, வரம்பு வைக்க வசதி தந்தாக வேண்டும். வங்கி ஆப்பில் கார்டு பகுதிக்குப் போய் வெளிநாட்டுப் பயன்பாட்டை நிறுத்துங்கள். சேமிப்புக் கணக்கின் கார்டில் இணைய வாங்கலையும் நிறுத்துங்கள். நெட்பேங்கிங்கில் ஒருநாள் அனுப்பும் வரம்பை உங்கள் தேவைக்குக் குறையுங்கள். மகள் கல்யாணத்துக்கு மண்டபக்காரருக்கு அனுப்பும் அன்று கூட்டிக்கொண்டால் போதும்.

## நான்காம் படி: சிம்முக்கும் ஒரு பூட்டு

போனுக்குப் பூட்டு போட்டிருப்பீர்கள். திருடன் சிம்மை மட்டும் கழற்றித் தன் போனில் போட்டால் அந்தப் பூட்டு எதற்கு ஆகும்? செட்டிங்ஸில் சிம் லாக் என்று இருக்கும். அதை இயக்கினால், போனை அணைத்து எழுப்பும்போதும் சிம்மை மாற்றும்போதும் பின் கேட்கும். நிறுவனம் முதலில் வைத்திருக்கும் பின்னை வாடிக்கையாளர் சேவையில் கேட்டுக்கொண்டு மாற்றுங்கள். ஊகித்துப் போட வேண்டாம். மூன்று முறை தவறினால் சிம் பூட்டிக்கொள்ளும், பிறகு சிம் நிறுவனத்தின் பக் (PUK) எண் இல்லாமல் திறக்காது.

பூட்டிய திரையில் எஸ்எம்எஸ்ஸின் உள்ளடக்கம் தெரியாதபடி மறையுங்கள். போன் மேசைமேல் கிடக்கும்போதே ஓடிபி பளிச்சென்று தெரிந்தால் பூட்டுக்கு அர்த்தமில்லை. காரணமில்லாமல் சிக்னல் அடியோடு போய்விட்டால், பக்கத்தில் இருப்பவர் போனில் அதே நிறுவனத்தின் சிக்னல் இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே இருந்து உங்களுக்கு மட்டும் இல்லையென்றால், உங்கள் பெயரில் வேறு யாரோ மாற்று சிம் வாங்கியிருக்கலாம். உடனே வங்கியைக் கூப்பிடுங்கள்.

## ஐந்தாம் படி: ஓடிபி செய்தியை எண்ணுக்காக மட்டும் படிக்காதீர்கள்

ஓடிபி வந்ததும் நம் கண் நேராக அந்த ஆறு இலக்கத்துக்கு ஓடுகிறது. அதே செய்தியில் இன்னும் இரண்டு விஷயம் இருக்கும்: எவ்வளவு பணம், யாருக்கு. கொரியர் பெட்டிக்கு ஐந்து ரூபாய் கட்டச் சொல்லி ஒருவர் லிங்க் அனுப்புகிறார். ஓடிபி செய்தியில் 49,000 ரூபாய் என்று இருக்கிறது. மோசடி அந்த இடத்திலேயே வெளிப்பட்டுவிட்டது, ஆனால் அவசரத்தில் அந்த வரியைத் தாண்டிவிடுகிறோம். தொகை, பெயர், பிறகு எண் என்று இந்த வரிசையிலேயே படிக்கப் பழகுங்கள். வீட்டில் எல்லோருக்கும் ஒருமுறை வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள்.

பணம் வாங்குவதற்கு யுபிஐ பின் எப்போதுமே தேவையில்லை. பின் கேட்டால் பெரும்பாலும் உங்கள் பணம் போகிறது, அல்லது இருப்பைப் பார்க்கிறீர்கள். வங்கியின் இணையதள முகவரியையும் பாருங்கள். வங்கிகள் இப்போது 'டாட் பேங்க் டாட் இன்' என்று முடியும் முகவரிக்கு மாறியிருக்கின்றன. எனிடெஸ்க் போன்ற திரைப் பகிர்வு ஆப்பைப் போடச் சொல்லும் மோசடி பற்றி 2019-லேயே ரிசர்வ் வங்கி எச்சரித்தது. இன்றும் அதே வலையில் ஆட்கள் விழுகிறார்கள்.

## ஆறாம் படி: வயதானவர்களுக்கும் வெளிநாட்டில் இருப்பவர்களுக்கும்

அம்மாவின் யுபிஐ பின் மகனுக்குத் தெரியும், மருமகளுக்குத் தெரியும், சில வீடுகளில் மருந்துக் கடைப் பையனுக்கும் தெரியும். உதவிக்கு ஆள் வேண்டும், அதில் தவறில்லை. அதற்குப் பின்னைக் கொடுக்காமல் வேறு வழி இருக்கிறது. 2024-ல் வந்த யுபிஐ சர்க்கிளில், கணக்கு உள்ளவர் நம்பிக்கையான ஒருவரைச் சேர்த்துக்கொள்ளலாம். சேர்க்கப்பட்டவர் தன் போனிலிருந்து பணம் செலுத்துவார். ஒவ்வொரு முறையும் உங்கள் ஒப்புதல் வேண்டும் என்றும் வைக்கலாம், மாதம் 15,000 ரூபாய்க்குள் தானாகச் செலுத்தட்டும் என்றும் விடலாம். அம்மாவின் மருந்தும் மளிகையும் இதில் தாராளமாக நடக்கும்.

வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் நம்மவர்களின் பெருந்தலைவலி, இந்திய சிம்முக்கு ஓடிபி வராமல் போவது. அதற்காக ஊரில் தம்பியிடம் சிம்மைக் கொடுத்துவிட்டு வருவது வழக்கமாகிவிட்டது. அப்படிச் செய்ய வேண்டாம். ஊருக்கு வந்திருக்கும்போதே, ஆப்புக்குள் ஓடிபி உருவாக்கும் வசதியை வங்கியில் கேட்டுப் பதிவு செய்துவிட்டுப் போங்கள். அமீரகம், சவூதி, கத்தார், ஓமன், சிங்கப்பூர் எண்களிலேயே என்ஆர்இ, என்ஆர்ஓ கணக்குகளுக்கு யுபிஐ பயன்படுத்த 2023-ல் வழி வந்தது. உங்கள் வங்கி அதைத் தருகிறதா என்று விசாரியுங்கள். சிங்கப்பூரில் முக்கிய வங்கிகள், டிஜிட்டல் டோக்கன் வைத்திருப்பவர்கள் உள்நுழைய ஓடிபி அனுப்புவதைக் கைவிடப்போவதாக 2024 ஜூலையில் அறிவித்தன. அங்கே இருப்பவர்களுக்கு ஆப் வழி ஒப்புதல் ஏற்கெனவே பழகிய ஒன்றுதான்.

## ஏழாம் படி: பறிபோனால் முதல் ஒரு மணி நேரம்

இதை இப்போதே ஒரு தாளில் எழுதி வையுங்கள். பதற்றத்தில் தேட முடியாது. வங்கியின் புகார் எண், கார்டின் பின்புறம் இருக்கும் உதவி எண், சிம் நிறுவனத்தின் எண், அப்புறம் 1930. கடைசியாகச் சொன்னது இணையப் பண மோசடிக்கான தேசிய உதவி எண். பணம் கைமாறிக்கொண்டே போகும் என்பதால் எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவு தூரம் அதை வழியிலேயே நிறுத்தி வைக்க வாய்ப்பு இருக்கிறது. வங்கியில் புகார் சொன்னதும் புகார் எண்ணையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அந்த நேரக் குறிப்பு ஏன் என்றால், 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி வகுத்த விதிப்படி, உங்கள் தவறோ வங்கியின் தவறோ இல்லாமல் பணம் போயிருந்து, வங்கியிடமிருந்து தகவல் வந்த மூன்று வேலை நாளுக்குள் நீங்கள் சொல்லிவிட்டால் உங்களுக்கு ஒரு ரூபாய்கூட நஷ்டம் இல்லை. நான்கிலிருந்து ஏழு வேலை நாளுக்குள் என்றால் சாதாரண சேமிப்புக் கணக்கில் அதிகபட்சம் 10,000 ரூபாய் உங்கள் பொறுப்பு. ஓடிபியையோ பின்னையோ நீங்களே கொடுத்திருந்தால், புகார் சொல்லும்வரை போனது உங்கள் நஷ்டம், சொன்ன பிறகு போவது வங்கியின் நஷ்டம். வெட்கப்பட்டு வீட்டில் மறைக்கும் ஒவ்வொரு மணி நேரமும் உங்கள் கணக்கில்தான் சேரும்.

பெரியப்பா இப்போது சேமிப்புக் கணக்கை பட்டன் போன் எண்ணுக்கு மாற்றிவிட்டார், கரண்ட் பில்லை செலவுக் கணக்கிலிருந்து கட்டுகிறார். ரப்பர் பேண்டுக்குள் இருந்த காகிதத்தைக் கிழித்துவிட்டு, காலண்டருக்குப் பக்கத்தில் 1930 என்று பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறார். உங்கள் வீட்டிலும் இன்றைக்கே ஒட்டிவிடுங்கள்.