பானட் திறக்கும் வரை: எஞ்சினை ஊகிப்பவர்களுக்குப் பத்துக் குறிப்புகள்

ஏற்காட்டு வெள்ளக்கடைப் பக்கம் ஸ்போர்ட்ஸ் கார் வருவது அபூர்வம். ஆனால் சேர்வராயன் மலையில் வண்டிப் பிரியர்கள் நாலு பேர் டீக்கடையில் கூடினால், வரப்போகும் காரில் என்ன எஞ்சின் என்பதில்தான் பேச்சு போய் நிற்கும். இப்போது சூடாக ஓடுவது டொயோட்டாவின் புதிய 2.0 லிட்டர் டர்போ எஞ்சின். 2025 ஜனவரியில் டோக்கியோ ஆட்டோ சலூனில், ஒரு ஜிஆர் யாரிஸ் காரின் சீட்டுக்குப் பின்னால் அதைப் பொருத்திக் காட்டினார்கள். டொயோட்டாவின் பழைய ஸ்போர்ட்ஸ் காரான ‘எம்ஆர்2 திரும்ப வருது’ என்று ஒரு கட்சி. ‘இல்ல, செலிகாவுக்குத்தான்’ என்று இன்னொரு கட்சி.

இந்த ஊகம் வெட்டிப்பேச்சு என்று நான் நினைக்கவில்லை. முறையாக ஊகித்தால் ஒரு காரை உருவாக்குபவரின் மூளை எப்படி ஓடுகிறது என்பது பிடிபடும். அதற்கு ஆசையை ஓரம் வைத்துவிட்டு அளவுகளிலிருந்து தொடங்க வேண்டும்.

செய்ய வேண்டியவை

1. முதலில் இடத்தை அளந்து பாருங்கள். வரிசையாக ஆறு சிலிண்டர் என்றால் பானட் நீளமாக இருந்தாக வேண்டும். வி6 குட்டை, ஆனால் அகலம். பாக்ஸர் எஞ்சின் தாழ்வாகப் படுத்திருக்கும், பக்கவாட்டில் இடம் கேட்கும். படத்தில் முன்சக்கரத்துக்கும் கதவுக்கும் உள்ள தூரத்தைப் பார்த்தாலே பாதி ஊகங்கள் உதிர்ந்துவிடும்.

2. யாரோடு யார் கூட்டு என்று பாருங்கள். டொயோட்டாவின் புதிய சுப்ராவில், பழைய சுப்ராவின் 2ஜேஇசட் எஞ்சினுக்கு ஒரு வாரிசு வரும் என்று காத்திருந்தவர்கள் ஏராளம். டொயோட்டாவும் பிஎம்டபிள்யூவும் சேர்ந்து ஸ்போர்ட்ஸ் கார் செய்யப்போவது 2013லேயே வெளிவந்த செய்தி. 2019இல் கார் வந்தபோது உள்ளே இருந்தது பிஎம்டபிள்யூவின் 3.0 லிட்டர் பி58. கூட்டாளியைக் கவனித்தவர்களுக்கு அதில் அதிர்ச்சி இல்லை.

3. அதே கம்பெனியின் மற்ற வண்டிகளைப் பாருங்கள், ஆனால் அதோடு நின்றுவிடாதீர்கள். சுபாருவின் பெரிய எஸ்யூவியான அசென்ட்டில் 2.4 லிட்டர் டர்போ இருந்தது. அதன் ஸ்போர்ட்ஸ் காரான பிஆர்இசட்டின் அடுத்த மாடலிலும் அதுவே வரும் என்றார்கள். 2020 நவம்பரில் திரை விலகியபோது 2.4 லிட்டர் சரியாக இருந்தது, டர்போ மட்டும் இல்லை. எடை, விலை, ஆக்சிலரேட்டரை மிதித்ததும் கிடைக்கும் பதில் ஆகிய மூன்றையும் அந்த ஊகம் கணக்கில் எடுக்கவில்லை.

4. வரியையும் சட்டத்தையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். நம் நாட்டில் 4 மீட்டருக்குள் நீளமும் 1,200 சிசிக்குள் பெட்ரோல் எஞ்சினும் உள்ள காருக்கு வரி குறைவு. 2017 மார்ச்சில் ஜெனீவாவில் டாடா காட்டிய ரேஸ்மோ இந்த இரண்டு அளவுக்குள்ளும் அடங்கியது. 1.2 லிட்டர் டர்போவிலிருந்து 190 குதிரைத்திறன். ‘ஸ்போர்ட்ஸ் காருக்கு இவ்வளவு சின்ன எஞ்சினா’ என்று கேட்குமுன் இந்தக் கணக்கைப் பார்ப்பது நல்லது.

5. உங்கள் ஊர்க் காற்றை மறக்காதீர்கள். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். கடல்மட்டத்தோடு பார்த்தால் இங்கே காற்றின் அடர்த்தி ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத எஞ்சின் உள்ளிழுக்கும் காற்று குறைவதால் இழுவையும் குறையும். டர்போ இருந்தால் அந்தக் குறையில் பெரும்பகுதியை அது ஈடுகட்டும். சேலத்திலிருந்து ஏறும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒரு வளைவில் பஸ் ஏறக்குறைய நின்று, முதல் கியருக்கு இறங்கி, முனகிக்கொண்டே மறுபடி கிளம்புவதைப் பாருங்கள். குறைந்த சுற்றில் கிடைக்கும் இழுவை என்றால் என்னவென்று அந்த ஒரு திருப்பம் சொல்லிவிடும். உச்ச குதிரைத்திறனைப் பற்றி வாதாடும்போது அந்த பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள்.

செய்யக்கூடாதவை

1. சத்தத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். கறுப்பு வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டி மறைத்த சோதனைக் காரின் வீடியோவை ஒரு பையன் எங்கள் மெக்கானிக்கிடம் போட்டுக் காட்டினான். ‘வி8 தானே அண்ணே?’ அவர் முழுதும் கேட்டுவிட்டுச் சொன்னார்: ‘தம்பி, இது சைலன்சர் பேசுது. எஞ்சின் பேசுறதைக் கேட்கணும்னா பானட்டைத் திறக்கணும்.’ சோதனை வண்டியில் சைலன்சர் தற்காலிகமாக இருக்கலாம். மேற்கூடுகூட வேறொரு காருடையதாக இருக்கலாம்.

2. முதலில் சொன்னதே முடிவு என்று நம்பாதீர்கள். ஹோண்டா 2012இல் என்எஸ்எக்ஸ் மாதிரியைக் காட்டியபோது வி6 எஞ்சின் குறுக்காக இருந்தது. பாதி வேலையில் அதை நீளவாக்கில் திருப்பி, இரண்டு டர்போவும் சேர்த்தார்கள். நம் நாட்டின் டிசி அவந்தியும் 2012 ஆட்டோ எக்ஸ்போவில்தான் முகம் காட்டியது. அதற்கு வேறு கம்பெனிகளின் எஞ்சின்கள் பேசப்பட்டன. விற்பனைக்கு வந்த காரில் ரெனோவின் 2.0 லிட்டர் டர்போ இருந்தது.

3. கண்காட்சிக்கு வந்ததெல்லாம் கடைக்கு வரும் என்று பணம் சேர்க்காதீர்கள். ரேஸ்மோ ஷோரூமுக்கு வரவே இல்லை.

4. சிசியைப் பார்த்து எஞ்சினை மட்டம் தட்டாதீர்கள். கோயம்புத்தூரின் கரிவரதன், மாருதியின் 800 சிசி எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி பந்தயக் கார்களை உருவாக்கினார். நாராயண் கார்த்திகேயன் ஓட்டத் தொடங்கியது அந்தக் கார்களில்தான். 2005இல் அவர் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியரானார். சின்ன எஞ்சின் ஓட்டுபவனுக்குச் சொல்லித்தரும் பாடம் சின்னதில்லை.

5. வாதத்தை மலைச்சாலையில் தீர்த்துக்கொள்ளாதீர்கள். உங்கள் காரின் எஞ்சின் எதுவானாலும் மேலே ஏறும் வண்டிக்கே முதல் வழி. வளைவுக்கு முன்னால் ஹாரன் அடியுங்கள், இறங்கும்போது கியரிலேயே இறங்குங்கள். காபி மூட்டை ஏற்றிய லாரிக்காரருக்கும் தோட்ட வேலை முடிந்து நடந்து வரும் அம்மாக்களுக்கும் இதே சாலைதான். வேகம் பார்க்க ஆசையா? இருங்காட்டுக்கோட்டையிலும் செட்டிப்பாளையத்திலும் பந்தயத் தடங்கள் இருக்கின்றன.

கடைசியாக ஒன்று. உங்கள் ஊகத்தையும் அதற்கான காரணத்தையும் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பானட் திறக்கும் நாளில் அந்தப் பக்கத்தைப் புரட்டுங்கள். எஞ்சின் தப்பாகி, காரணத்தில் பாதியாவது சரியாக இருந்தால் சந்தோஷப்படுங்கள். மிச்சப் பாதி எங்கே பிசகியது என்று கண்டுபிடித்துவிட்டு, அடுத்த காருக்குப் புதிய பக்கம் எடுங்கள்.